தடைக்கு முந்திய சந்தை

வரிசைகளில் நின்று வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏ-9 பாதை மூடப்பட்டபொழுது யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவனாக இருந்தேன். ஊரடங்குச் சட்டம் நீங்கும் நேரம் பார்த்திருந்து, குடும்ப அட்டையைச் சட்டைப் பையிற் செருகிக்கொண்டு சங்கக்கடைக்கு ஓடுவது எனது அன்றாடக் கடமையாயிற்று. முன்னைய வாரம் வரை எவரும் ஒரு பொருட்டாக எண்ணாத சீனியும் மண்ணெண்ணெயும் மறுவாரமே பல மடங்கு விலை பெற்றன. தனியார் கடைகளின் பின்னறையிலே மூடைகள் இருந்தன. முன்னறையிலே 'இல்லை' என்ற சொல் மாத்திரம் இருந்தது. அந்த 'இல்லை'யே விலையை உண்டாக்குகின்றது என்பதைப் பொருளியற் பாடம் எதுவும் படியாமலே அன்று அறிந்துகொண்டேன்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலும் பெற்றோலுக்காக இரவு பகலாக வீதியில் நின்றோம். ஆகவே, வரிசை என்பது எனக்குப் புதியதன்று. ஆயினும் அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இந்நாட்டுக்கு வெளியே, நான் கண்ட ஒரு வரிசை இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. சோற்றுக்கோ மருந்துக்கோ நின்ற வரிசையன்று அது. கைத்துப்பாக்கி வாங்குவதற்காக நின்ற வரிசை.

அக்காவின் மூத்த மகளின் திருமணத்துக்காக ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதிக்குச் சென்றிருந்தேன். பயணச் செலவை அத்தான் ஏற்றுக்கொண்டார். இல்லையெனில் ஓர் ஆசிரியனின் சம்பளம் கட்டுநாயக்காவுக்கு அப்பால் என்னைக் கொண்டு சென்றிராது. சென்ற மூன்றாம் நாள் அக்கா என்னைச் சமையலறைக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"தம்பி, நீ வாத்தி. ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் புத்தி சொல்லுறனீ. இவனுக்கும் ஒருக்காச் சொல்லு. துவக்கு வாங்கப் போறானாம். இந்த வீட்டில துவக்கோ?"

அவளுடைய கண்கள் வரவேற்பறைச் சுவரை நோக்கின. அங்கே எங்கள் பெரியண்ணனின் படம் மாட்டப்பட்டிருந்தது.

பெரியண்ணன் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். 2006 ஆம் ஆண்டின் கார்த்திகை மாதத்து மாலை ஒன்றிலே, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவரைச் சுட்டார்கள். சுட்டவர்கள் யார், ஏன் சுட்டார்கள் என்பவற்றை எந்த விசாரணையும் இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. மரண விசாரணையிலே எங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு திட்டமான செய்தி, அந்தக் குண்டு 9 மில்லிமீற்றர்க் கைத்துப்பாக்கியினுடையது என்பதுதான். அக்கா அப்பொழுது கனடாவில் இருந்தாள். பாதை மூடியிருந்தமையால் அவள் வரவில்லை, தொலைபேசியிலே அழுதாள். அவளுடைய மகனுக்கு அந்நாளில் வயது எட்டு. அவனுக்குப் பெரியமாமா என்பவர் சுவரிலே தொங்கும் ஒரு படம் மாத்திரமே.

நிற்க. மருமகனின் கதையை விளங்கிக்கொள்வதற்கு அந்நாட்டில் அப்பொழுது நடந்துகொண்டிருந்ததைச் சிறிது கூறவேண்டும்.

கனடா துப்பாக்கிகளைக் கண்டபடி விற்கும் நாடன்று. அங்கே கைத்துப்பாக்கிகள் 1934 ஆம் ஆண்டு முதலே பதிவுக்கு உட்பட்டவை. அதனை வாங்க விரும்புபவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, பின்னணி விசாரணைக்கு உட்பட்டு, தனியான அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். வாங்கிய பின்பும் குண்டு நீக்கிப் பூட்டி வைக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சுடுகளத்தில் மாத்திரமே சுடலாம். இவ்வளவு கட்டுப்பாடுகளும் இருந்தும் அந்நாடு இரத்தம் காணாமலில்லை. 2012 ஜூலை 16 அன்று அக்காவின் வீடு இருக்கும் அதே ஸ்காபரோவிலே, டான்சிக் வீதியில், அயலவர்கள் கூடிய கோடைகால விருந்தொன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். 2018 ஜூலை 22 அன்று ரொறன்ரோவின் டான்போர்த் வீதியில் ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டதில் 10 வயதுச் சிறுமி ஒருத்தியும் 18 வயது யுவதி ஒருத்தியும் மாண்டனர்.

அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்தில், உவால்டே என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலை ஒன்றிலே 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் கொல்லப்பட்டது 2022 மே 24 அன்று. அதற்கு ஆறு நாட்களின் பின், மே 30 அன்று, அந்நாளைய கனடியப் பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோவின் அரசாங்கம் சீ-21 என்னும் சட்டமூலத்தை முன்வைத்தது. கைத்துப்பாக்கிகளை வாங்குவது, விற்பது, கைமாற்றுவது, இறக்குமதி செய்வது ஆகியவற்றை நாடு முழுவதும் நிறுத்துவது அதன் முக்கிய நோக்கம். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் தொடர்ந்து வைத்திருக்கலாம். புதிதாக எவரும் பெற முடியாது. சட்டமூலம் நிறைவேறும்வரை காத்திராமல், ஒழுங்குவிதிகள் மூலமாகவே இந்நிறுத்தத்தை நடைமுறைப்படுத்த அரசாங்கம் முற்பட்டது. ஆனால் அவ்வொழுங்குவிதிகளும் குறித்த காலம் நாடாளுமன்றத்தின் முன் கிடக்கவேண்டியிருந்தது. இடையிலே கோடை விடுமுறையும் வந்தது. ஈற்றில் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது ஒக்டோபர் 21 அன்று. அறிவிப்புக்கும் அமுலுக்கும் இடையே 144 நாட்கள்!

இந்த 144 நாட்களும் வணிகனுக்குக் கிடைத்த வரம். அறிவிப்பு வந்த நாள் தொட்டே மக்கள் கடைகளுக்கு ஓடினர். நாடெங்கும் பல கடைகளிலே கையிருப்புத் தீர்ந்தது. வாழ்நாளில் கைத்துப்பாக்கி வாங்க எண்ணியிராதவர்களும் 'இனி வாங்க முடியாது' என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினர். இதனைக் கண்ட அரசாங்கம் ஆகஸ்ட் 5 அன்று மற்றோர் அறிவிப்பைச் செய்து, 19 ஆம் திகதி முதல் இறக்குமதியைத் தடுத்தது. விளைவு யாது? வாங்க நிற்பவர் தொகை குறையவில்லை. வருகின்ற சரக்கோ நின்றது. எஞ்சியிருந்ததன் விலை மேலும் ஏறிற்று. துப்பாக்கிகளைக் குறைப்பதற்கு வந்த அறிவிப்பு, முதலில் துப்பாக்கிகளைப் பெருக்கியது.

இந்த நிலையிலேதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

மருமகன் பண்டகசாலை ஒன்றிலே இரவு வேலை செய்பவன். பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. முதுகு நோவைப் பற்றி இருபத்து நான்கு வயதிலேயே பேசுவான். வேலைத்தலத்து நண்பன் ஒருவன் அவனைக் குறிசுடும் கழகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருக்கிறான். அங்கே கழித்த சில மணி நேரங்கள், மேற்பார்வையாளனின் அதட்டலின்றி அவன் தன் கையால் ஒன்றைச் செவ்வையாகச் செய்த நேரங்களாக அவனுக்குப் பட்டிருக்கின்றன. அவன் அனுமதிப்பத்திரமும் பெற்றிருந்தான். என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை நகருக்கு வெளியேயுள்ள கடை ஒன்றுக்குச் சென்றான். நானும் மறுக்கவில்லை. அறிவுரை கூறுமுன் பொருளைக் கண்ணாற் காணவேண்டும் என்பது என் கொள்கை.

கடை திறக்குமுன்பே வெளியே இருபது பேர் வரையில் நின்றனர். பணக்காரர் கூட்டமல்ல அது. தொழிற்சாலை அங்கி அணிந்தவரும், பார ஊர்தி ஓட்டுபவரும், வயது முதிர்ந்த ஒரு தம்பதியும் நின்றனர். உள்ளே கண்ணாடிப் பேழைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. எஞ்சிய சிலவற்றிலே விலைச்சீட்டுகள் புதிதாக ஒட்டப்பட்டிருந்தன. பழைய சீட்டின் ஓரம் ஒரு பேழையில் இன்னும் தெரிந்தது. மருமகன் கேட்ட 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கி, வசந்த காலத்தில் 900 டொலருக்குக் கிடைத்ததாம். இப்பொழுது அதற்கு 1,500 டொலர். ஒருவர் பாவித்துக் கழித்த துப்பாக்கி ஒன்றுக்கும் புதியதன் பழைய விலையை விட அதிகம் கேட்டார்கள். விற்பனையாளர் மரியாதையான மனிதர். அடுத்த கிழமை வந்தால் இதுவும் இராது என்று மாத்திரம் சொன்னார். எங்களூர்க் கடைக்காரரின் குரல் எனக்கு நினைவு வந்தது. மொழிதான் வேறு.

அன்று அவன் முற்பணம் மாத்திரம் கட்டினான். திரும்பும் வழியில் என் விவாதத்தைத் தொடங்கினேன்.

"தம்பி, இந்தச் சாமானுக்கு ஏன் இந்த விலை எண்டு யோசிச்சனியோ?"

"மாமா, இனிக் கிடையாது. அதுதான் விலை. பிறகு இன்னும் ஏறும். நட்டம் வராது."

இங்கேதான் அவன் தவறினான் என்பது என் கணிப்பு. ஒரு பண்டத்துக்குப் பயன் மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என இரண்டு உண்டு என்பதை நம்மிற் பலர் இளமையிலேயே கற்றிருக்கிறோம். சந்தையிலே விலை பெறுவதற்குப் பொருள் அரிதாக இருந்தால் மட்டும் போதாது. அது கைமாறவும் வேண்டும். அமெரிக்காவிலே 1986 மே 19 ஆம் திகதிக்குப் பின் பதிவு செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருத்தல் தடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பு பதிந்தவற்றை ஒருவர் மற்றொருவருக்கு விற்கலாம். ஆகவே அவற்றின் விலை இன்று பல்லாயிரம் டொலர்களில் நிற்கின்றது. 1994 முதல் 2004 வரை அங்கு நிலவிய தாக்குதல் ஆயுதத் தடையின் காலத்திலும், தடைக்கு முன் செய்யப்பட்ட பெரிய குண்டுக் கூடுகள் இவ்வாறே மேலதிக விலை பெற்றன. கனடிய நிறுத்தமோ வேறு வகை. அது கைமாறுதலையே நிறுத்துகின்றது. ஒக்டோபர் 21 இன் பின் மருமகன் அதைத் தன் நண்பனுக்கு விற்க முடியாது. தன் மகனுக்கு விட்டுச் செல்லவும் முடியாது. விற்பதானால் சட்டம் விலக்களித்த ஒரு சிலருக்கோ உரிய அனுமதி பெற்ற வணிகருக்கோதான் விற்கலாம். வாங்கிய வணிகனிடம் அடுத்து வாங்க ஆளில்லாதபோது எவன் நல்ல விலை தருவான்?

எனவே, நாளை பரிவர்த்தனை மதிப்பே இல்லாது போகப்போகும் ஒரு பொருள், அந்தக் காரணத்தினாலேயே இன்று இரு மடங்கை நெருங்கிய விலைக்கு விற்கப்பட்டது. இத்தகைய விந்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை. மக்கள் அங்கே விலை கொடுத்து வாங்கியது இரும்பையன்று. பறிபோகும் ஓர் உரிமையின் கடைசித் துண்டையும், அதைச் சூழ்ந்த அச்சத்தையுமே வாங்கினார்கள். அச்சத்துக்கு உற்பத்திச் செலவு இல்லை. ஆகவே அதில் இலாபம் மிக அதிகம்.

இதனை நான் விளக்கியபோது மருமகன் பொறுமையுடன் கேட்டான். பின்பு சொன்னான்:

"மாமா, காசுக் கதையை விடுங்கோ. நான் ஒரு குற்றமும் செய்யேல்லை. படிச்சு, சோதினை எழுதி, பொலிஸ் விசாரிச்சுத்தான் லைசென்ஸ் எடுத்தனான். களவாய் அமெரிக்காவிலயிருந்து வாறதைப் பிடிக்காமல் எங்களைப் பிடிக்கினம். பணக்காரன் ஒலிம்பிக் விளையாட்டு எண்டு சொல்லி எடுப்பான். வேலைகாரன் எடுத்தால் ஆபத்தோ?"

இதற்கு உடனே என்னால் மறுமொழி கூற முடியவில்லை. அவன் சொன்னதில் உண்மை இருந்தது. ரொறன்ரோவில் குற்றங்களிற் பிடிபடும் கைத்துப்பாக்கிகளில் மூலம் கண்டறியப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தப்பட்டவை என்று அந்நகரப் பொலிஸாரே கூறிவந்துள்ளனர். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் ஈடுபடுவோருக்குச் சட்டம் விலக்களித்ததும் உண்மை. சமுதாயத்தின் நோயை நீக்காமல் ஆயுதத்தை மாத்திரம் நீக்குவது அரைவாசி மருத்துவம் என்பதும் உண்மையே.

ஆயினும் அவன் சொல்லாத உண்மைகளும் உள. டான்போர்த் வீதியில் அந்த யுவதியையும் சிறுமியையும் கொன்ற கைத்துப்பாக்கி எல்லை கடந்து களவாக வந்ததன்று. அது முறைப்படி கனடாவுக்குள் இறக்குமதியாகி, சஸ்காச்சுவான் மாகாணத்தில் திருட்டுப்போனது. 2017 ஜனவரி 29 அன்று கியூபெக் நகரத்துப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த அறுவரைக் கொன்றவனிடம் இருந்தது, அவன் சட்டப்படி வைத்திருந்த கைத்துப்பாக்கி. பூட்டப்பட்ட ஒவ்வொரு பெட்டியும் ஒருநாள் திறக்கப்படக்கூடியது. நல்லவன் கையிலுள்ள ஆயுதம் என்றும் நல்லவன் கையிலேயே இருக்கும் என்பதற்கு உறுதி எங்குமில்லை.

அன்றிரவு நான் அவனுக்குப் பெரியமாமாவின் கதையை முதன்முறையாக முழுமையாகச் சொன்னேன். சைக்கிளின் பின்னாலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றியும், அதை நான் கழுவி வைத்ததைப் பற்றியும், குண்டின் அளவைப் பற்றியும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். "மாமா, அது வேற. இது வேற" என்றான் ஈற்றில். அவன் குரலில் உறுதி இருக்கவில்லை. ஆனால் முற்பணம் திருப்பித் தரப்படாது என்பது கடையின் நிபந்தனை. மறுவாரம் சென்று மிகுதியைக் கட்டினான். இரண்டு கிழமைச் சம்பளம் அதிற் போயிற்று.

நான் தோற்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓர் ஆசிரியனின் சொல், விலைச்சீட்டு ஒன்றின் முன் நிற்கமாட்டாமற் போன நாள் அது.

சட்டம் வருகின்றது என்ற செய்தியே ஆயுத வணிகனின் சிறந்த விளம்பரமாவது இது முதற்தடவையன்று. 2012 டிசெம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். தடை வரும் என்ற பேச்சு எழுந்ததும் துப்பாக்கியும் குண்டும் வாங்க மக்கள் முண்டியடித்தனர், விலைகள் துள்ளின. 2013 ஏப்ரல் மாதம் செனட் சபையிலே அத்தடை தோற்றது. தடை வரவில்லை, இலாபம் மாத்திரம் வந்தது. ஆறாத குழந்தைகளின் புதைகுழிமேல் நடந்த வியாபாரம் அது.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களிலே 51 பேர் கொல்லப்பட்டனர். மார்ச் 21 அன்று அந்நாளைய பிரதமர் ஜசின்டா ஆர்டேர்ன் தடையை அறிவித்தார். அன்றே, பிற்பகல் 3 மணி முதல், அவ்வகைத் துப்பாக்கிகளை வாங்குதல் உத்தரவு ஒன்றினால் கட்டுப்படுத்தப்பட்டது. பதுக்குவதற்கோ விலை ஏற்றுவதற்கோ ஒரு நாள்கூட எஞ்சவில்லை. பின்பு அரசு அவற்றை விலை கொடுத்து மீட்டது. கனடாவும் இதனை அறியாததன்று. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 22 பேர் கொல்லப்பட்ட பின், 2020 மே 1 அன்று அதே அரசாங்கம் சுமார் 1,500 வகைத் தாக்குதல் துப்பாக்கிகளை அறிவித்த அன்றே தடுத்தது. செய்யத் தெரிந்த ஒன்றைக் கைத்துப்பாக்கி விடயத்தில் 144 நாட்கள் தள்ளிப்போட்டதன் பலனை ஏழை வாங்குபவனும், அவனுடைய தாயும், அவர்களுடைய அயலும் சுமக்கின்றனர். ஆயுதங்களைச் செய்பவனோ தன் சரக்கை விற்று முடித்துவிட்டான்.

இவ்வாறு கூறுவதால் தடையே பிழை என்று எவரும் கொள்ளவேண்டாம். தடை வேண்டும் என்பதே என் கட்சி. சீ-21 சட்டமூலம் 2023 டிசெம்பர் 15 அன்று சட்டமானபோது நான் மகிழ்ந்தேன். நான் குறை காண்பது, மக்களுக்காக வரும் சட்டம் மக்களைச் சேருமுன் சந்தையைச் சென்று சேர்வதைத்தான்.

2024 ஆம் ஆண்டிலே மருமகன் வேலை இழந்தான். பண்டகசாலையில் ஆட்குறைப்பு. ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். வீட்டுச் செலவுக்கு உதவுமென்று துப்பாக்கியை விற்க முயன்றிருக்கிறான்.

"மாமா, நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி. அது இப்ப விக்கேலாத சாமான்."

அப்படியானால் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிடு, அக்கா நிம்மதியாக உறங்குவாள் என்றேன்.

"ஆயிரத்து ஐந்நூறு டொலரைச் சும்மா கொண்டுபோய்க் குடுக்கிறதோ, மாமா?"

நான் இரு வருடங்களாகத் தேடிய விடை அவனுடைய இந்த ஒரு கேள்வியில் இருந்தது. 900 டொலருக்கு வாங்கியிருந்தால் அவன் அதைக் கைவிட்டிருப்பானோ, என்னவோ! ஏறிய விலை கடைக்காரனின் பையை நிரப்பியதோடு நின்றுவிடவில்லை. வாங்கியவனையே தன்னோடு கட்டிப் போட்டுவிட்டது. விளையாட்டின் மேலிருந்த ஆசை என்றோ தீர்ந்துவிட்டது. கழகத்துச் சந்தாவை நிறுத்தி ஒரு வருடமாகிறது. இழந்த பணத்தின் நினைவு மாத்திரம் அந்தப் பெட்டிக்குக் காவல் நிற்கிறது.

இப்பொழுதும் அந்தத் துப்பாக்கி ஸ்காபரோவில் அக்காவின் வீட்டு நிலவறையிலே, பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், குண்டின்றிக் கிடக்கிறது. அதற்கு நேர்மேலே வரவேற்பறைச் சுவரில் பெரியண்ணனின் படம் இருக்கிறது. அக்கா நாள்தோறும் அந்தப் படத்துக்கு விளக்கு ஏற்றுகிறாள்.

சென்ற தவணையில் என் உயர்தர வகுப்பு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ஒரு பொருளின் விலை எப்பொழுது ஏறும்? "தட்டுப்பாடு வரும்போது" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அதை எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தட்டுப்பாட்டினால் யாருக்கு இலாபம், அந்தத் தட்டுப்பாட்டுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் யார் என்று அடுத்துக் கேட்டேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிருந்தது. பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி மெல்ல எழுந்து நின்றாள். அன்று பாடம் மணி அடித்த பின்பும் முடியவில்லை.